முகம் பார்த்தவர்களும் தாள் படித்தவர்களும்: சாக்கோ–வன்ஸெட்டி மேல்முறையீடு பற்றிச் சில குறிப்புகள்

1

சாக்கோ, வன்ஸெட்டி கதை நம்மில் பலருக்கும் தெரியும். இரண்டு இத்தாலியக் குடியேறிகள். ஒருவர் செருப்புத் தொழிற்சாலைத் தொழிலாளி, இன்னொருவர் தெருவில் மீன் விற்றவர். இருவரும் அரசு என்ற அமைப்பே வேண்டாம் என்ற அராஜகவாதிகள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அவர்களை மின்சார நாற்காலியில் உட்கார வைத்துக் கொன்றது. வர்க்க நீதி, நிறவெறி, சிவப்புப் பூச்சாண்டி என்று நாமும் சொல்லி முடித்துவிடுகிறோம். அப்படிச் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனா ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போகிறது. ஜூரி குற்றவாளிகள் என்று சொன்னது 1921 ஜூலை 14. கொன்றது 1927 ஆகஸ்ட் 23. நடுவில் ஆறு வருஷம். இந்த ஆறு வருஷமும் என்ன நடந்தது?

அப்பீல் நடந்தது. மனுக்கள் போட்டார்கள், வாதாடினார்கள், தீர்ப்புகள் பக்கம் பக்கமாக எழுதப்பட்டன. மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் மூன்று தடவை இந்த வழக்கைக் கையில் எடுத்தது. மூன்று தடவையும், 'இவர்கள் கொன்றார்களா?' என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை. கேட்கக் கூடாது என்று அதற்கு விதி இருந்தது. அநீதி எங்கே நுழைந்தது என்று தேடுகிறவர்கள் எல்லாரும் விசாரணை நீதிபதியின் வாயைத்தான் பார்க்கிறார்கள். நான் மேலே இருந்த நாகரிகமான நீதிபதிகளின் மௌனத்தைப் பார்க்க விரும்புகிறேன். மேல்முறையீடு என்பது உண்மையைத் தேடிப்போகும் ஏணி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஏணியில் ஒவ்வொரு படியும் எதைப் பார்க்க மறுக்கிறது என்பதுதான் இங்கே என் அக்கறை.

2

முதலில் வழக்கைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1920 ஏப்ரல் 15 அன்று தென் பிரெய்ன்ட்ரீ என்ற ஊரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் சம்பளப் பணம், 15,000 டாலருக்கு மேல், கொள்ளை போனது. பணம் கொண்டுபோன இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மே 5 அன்று சாக்கோவும் வன்ஸெட்டியும் கைதானார்கள். இருவரிடமும் துப்பாக்கி இருந்தது. போலீஸ் கேட்ட கேள்விகளுக்குப் பொய்யும் சொன்னார்கள். அந்தப் பொய்க்குப் பின்னணி உண்டு. 1919 நவம்பரிலும் 1920 ஜனவரியிலும் நாடு முழுக்க இடதுசாரிக் குடியேறிகளை வேட்டையாடி, கப்பலேற்றி நாடு கடத்திக்கொண்டிருந்த காலம் அது. தோழர்களின் பெயரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பொய் சொன்னோம் என்றார்கள் இருவரும். அரசுத் தரப்போ, கொலை செய்த குற்ற உணர்வுதான் பொய் சொல்ல வைத்தது என்றது.

டெடம் நகரத்தில் ஆறு வாரத்துக்கு மேல் விசாரணை நடந்தது. நீதிபதி வெப்ஸ்டர் தாயர். அரசு வக்கீல் ஃபிரெடரிக் காட்ஸ்மன். சாட்சியத்தின் தரத்துக்கு ஓர் உதாரணம்: மேரி ஸ்ப்ளெய்ன் என்பவர் தொழிற்சாலையின் மாடி ஜன்னலிலிருந்து, ஓடும் காருக்குள் இருந்த ஒருவனை, சுமார் 60 முதல் 80 அடி தூரத்தில், சில விநாடிகள் மட்டும் பார்த்தவர். 1920இல் நடந்த ஆரம்ப விசாரணையில், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். ஒரு வருஷம் கழித்து ஜூரி முன்னால், அது சாக்கோதான் என்று உறுதியாகச் சொன்னார். அவன் கையின் அளவைக்கூட வர்ணித்தார். காலம் போகப் போக ஞாபகம் மங்கும் என்பார்கள். நீதிமன்றத்தில் சில சமயம் அது கூர்மையாகிறது!

இன்னொன்று துப்பாக்கிக் குண்டு. மாநிலப் போலீஸ் கேப்டன் வில்லியம் பிராக்டர் சாட்சி சொல்ல வந்தார். உயிர் குடித்த குண்டு சாக்கோவின் துப்பாக்கியிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு, அந்தத் துப்பாக்கியிலிருந்து வந்திருப்பதற்கு 'ஒத்துப்போகிறது' என்றார். ஜூரி என்ன புரிந்துகொண்டிருக்கும்? அதிலிருந்துதான் வந்தது என்று. 1923இல் பிராக்டர் பிரமாண வாக்குமூலம் கொடுத்தார்: அந்தக் குண்டு சாக்கோவின் துப்பாக்கி வழியாகப் போனது என்பதற்குத் தன்னிடம் ஆதாரம் இல்லை, அரசு வக்கீலுக்கு அது தெரியும், அதனால்தான் கேள்வியும் பதிலும் அந்த வார்த்தையில் முன்கூட்டியே அமைத்துக்கொள்ளப்பட்டன.

இதை வைத்து மறுவிசாரணை மனு போடப்பட்டது. யார் முன்னால்? அதே தாயர் முன்னால்! மாசசூசெட்ஸ் நடைமுறை அப்படி. விசாரித்த நீதிபதியின் விசாரணையில் கோளாறு இருந்ததா என்பதை முதலில் அவரே தீர்மானிப்பார். 1924 அக்டோபர் 1 அன்று ஐந்து மனுக்களை ஒரே நாளில் அவர் தள்ளினார். அந்த உத்தரவில் ஒரு விசித்திரம். ஜூரி தண்டித்தது நேரில் பார்த்த சாட்சிகளை நம்பி அல்ல, 'குற்ற உணர்வு' என்ற சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்துத்தான் என்று அவர் எழுதினார். அதாவது, கண்ணால் கண்ட சாட்சி உடைந்தாலும் பரவாயில்லை. அவர்கள் போலீஸிடம் பொய் சொன்னார்களே, அது போதும். அந்தப் பொய் எதற்காக என்பதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய அரசியலைப் பேசியாக வேண்டும். அரசியலைப் பேசினால் ஜூரியின் வெறுப்பு ஏறும். பேசாவிட்டால் பொய் கொலைக்குச் சாட்சியாகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச் சந்து.

3

இனி மேல் கோர்ட். 1926 மே 12 அன்று மாநில உச்ச நீதிமன்றம் முதல் அப்பீலைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பில் தாயரைப் போலக் கொச்சையான வார்த்தை எதுவும் கிடையாது. நிதானமான நடை. எதிர்த்தரப்பு எழுப்பிய ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறது. இந்த நிதானத்துக்குள் இருக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தால் மூன்று பற்சக்கரங்கள் தெரிகின்றன.

முதலாவது: சாட்சியத்தை எடைபோடுவது ஜூரியின் வேலை. மேல் கோர்ட் கேட்பது, நியாயமான ஒரு ஜூரி இந்த முடிவுக்கு வருவதற்கு *ஏதாவது* சாட்சியம் இருந்ததா என்று மட்டும். 'இருந்தது' என்றால் கதவு மூடிக்கொள்ளும். எதிர்ப்பக்கம் அதைவிட அதிகமான சாட்சிகள் இருந்தார்கள், சாக்கோ அன்று பாஸ்டனில் இருந்ததாகச் சொன்னவர்கள் இருந்தார்கள் என்பதெல்லாம் மேலே எடுபடாது. இதற்குச் சொல்லப்படும் நியாயம் நமக்கும் பழக்கமானதுதான்: ஜூரி சாட்சியின் முகத்தைப் பார்த்தது, குரலைக் கேட்டது, நாங்கள் வெறும் டைப் அடித்த தாளைத்தானே படிக்கிறோம்?

இரண்டாவது: விருப்புரிமை. வக்கீல்கள் பேச்சில் 'டிஸ்கிரிஷன்'. எந்தக் கேள்வியை அனுமதிப்பது, குறுக்கு விசாரணை எவ்வளவு தூரம் போகலாம், புதுச் சாட்சியம் மறுவிசாரணைக்குப் போதுமா என்பதெல்லாம் விசாரணை நீதிபதியின் விருப்புரிமை. அதை அவர் அப்பட்டமாகத் துஷ்பிரயோகம் செய்தாலொழிய மேல் கோர்ட் தலையிடாது. காட்ஸ்மன் சாக்கோவை நிறுத்திவைத்து, இந்த நாட்டை நேசிக்கிறாயா, அப்படியானால் 1917இல் ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது ஏன் மெக்ஸிகோவுக்கு ஓடினாய் என்று துளைத்தெடுத்தார். கொலைக்கும் இதற்கும் என்னய்யா சம்பந்தம்? மேல் கோர்ட் சொன்னது: குறுக்கு விசாரணையின் எல்லை நீதிபதியின் விருப்புரிமை. பிராக்டர் விஷயத்திலும் அதே பதில்தான். அரசு வக்கீல் வேண்டுமென்றே குழப்பமான பதிலை வரவழைக்கவில்லை என்று தாயர் முடிவு செய்திருந்தார். அந்த முடிவில் மேல் கோர்ட் கை வைக்கவில்லை.

மூன்றாவது: பதிவு. கீழ்க்கோர்ட்டில் அந்தந்த நேரத்தில் ஆட்சேபணை எழுப்பி, அது எழுத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாதது நடக்காதது. தாயர் எந்த வார்த்தையை எந்த ஏளனத்தோடு உச்சரித்தார், இத்தாலிய சாட்சிகள் பேசும்போது அவர் முகம் எப்படிப் போனது என்பதைச் சுருக்கெழுத்தாளர் எழுதமாட்டார். எழுத அவருக்கு எழுத்தும் கிடையாது.

இப்போது முதல் சக்கரத்தையும் மூன்றாவதையும் சேர்த்துப் பாருங்கள். முகம் பார்த்தவர்களே நீதிபதிகள், நாங்கள் தாள் படிக்கிறவர்கள் என்று மேல் கோர்ட் அடக்கத்தோடு விலகுகிறது. சரி, முகத்தில்தான் பிரச்சினை இருந்தது என்று சொன்னால், அது தாளில் இல்லையே என்கிறது. முகமும் தாளும் மாறி மாறி ஒன்றை ஒன்று காப்பாற்றிக்கொள்கின்றன. நிகழ்வு பிரதியாக மாறும்போது எது கழிந்துபோகிறதோ, அதுதான் அதிகாரம் இயங்கிய இடம். அதிகாரத்தைக் கழித்துவிட்ட பிரதியை மட்டுமே படிப்பேன் என்கிற வாசகர் ஒருவர் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தும் என்ன பிரயோஜனம்?

4

இந்த அமைப்பின் உள்முரணைக் காட்ட வேறு யாரும் வேண்டாம், செலஸ்டினோ மடெய்ரோஸ் ஒருவர் போதும். வேறொரு வங்கிக் கொள்ளையில் காசாளரைக் கொன்றதற்காகத் தண்டனை பெற்று, அப்பீல் போட்டுவிட்டு, சாக்கோ இருந்த அதே டெடம் சிறையில் காத்திருந்தவர். 1925 நவம்பரில் அவர் சாக்கோவுக்கு ஒரு சீட்டு அனுப்பினார். தென் பிரெய்ன்ட்ரீ கொள்ளையில் தான் இருந்ததாகவும், சாக்கோவும் வன்ஸெட்டியும் அங்கே இல்லை என்றும் அதில் ஒப்புக்கொண்டிருந்தார்.

மடெய்ரோஸின் சொந்த வழக்கு என்ன ஆனது தெரியுமா? 1926 மார்ச்சில் அதே மாநில உச்ச நீதிமன்றம் அவர் தண்டனையை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. காரணம்: குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்று கருதப்பட வேண்டும் என்பதை நீதிபதி ஜூரிக்கு எடுத்துச் சொல்லவில்லை. ரத்து செய்தது சரிதான், அதில் எனக்குப் புகார் இல்லை. அடுத்த விசாரணையிலும் அவருக்குத் தண்டனை கிடைத்தது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. வாசிக்க வேண்டிய ஒரு வாசகம் விட்டுப்போனால் அது 'சட்டப் பிழை'; மேல் கோர்ட் கண்ணில் உடனே படும். சாட்சி மாறியது, நிபுணர் தன் சாட்சியம் ஜோடிக்கப்பட்ட வார்த்தை என்றது, இன்னொருவன் ஒப்புக்கொண்டது எல்லாம் 'பொருண்மை'; அது கண்ணுக்குப் படாது. சடங்கில் தவறு நேர்ந்தால் தோஷம். சாமிக்கு முன்னால் பொய் சொன்னால் அது பூசாரியின் விருப்புரிமை.

மடெய்ரோஸ் வாக்குமூலத்தை வைத்துப் போட்ட மனுவையும் தாயரே கேட்டு, 1926 அக்டோபரில் தள்ளினார். 1927 ஏப்ரல் 5 அன்று மேல் கோர்ட் அதை உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பின் சாரம் இது: புதுச் சாட்சியம் ஒரு ஜூரியிடம் வைக்கப்பட்டால் வேறு முடிவு வர நியாயம் உண்டு என்றாலும்கூட, மறுவிசாரணை கட்டாயம் அல்ல, அது விசாரணை நீதிபதியின் விருப்புரிமை. நாலே நாளில், ஏப்ரல் 9 அன்று, மரண தண்டனை அறிவிக்கப்பட்டது.

கடைசிக் கட்டத்தில், தாயர் கோர்ட்டுக்கு வெளியே இவர்களைப் பற்றிக் கெட்ட வார்த்தை சொல்லிப் பெருமையடித்துக்கொண்டார் என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் உள்படப் பலர் சொன்னது வெளிவந்தது. நீதிபதிக்குக் காழ்ப்பு என்று ஆகஸ்டில் மனு போட்டார்கள். தாயருக்குக் காழ்ப்பு இருக்கிறதா என்ற மனுவை விசாரித்தவரும் தாயர்தான்! அவர் தள்ளினார். ஆகஸ்ட் 19 அன்று மேல் கோர்ட் மூன்றாவது தடவையாகச் சொன்னது: தண்டனை அறிவித்த பிறகு மறுவிசாரணை மனு போட முடியாது, காலம் கடந்துவிட்டது. கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்தின் ஹோம்ஸ், 1923இல் ஆர்கன்சாஸ் கறுப்பின விவசாயிகள் வழக்கில், கும்பல் ஆதிக்கத்தில் நடந்த விசாரணை விசாரணையே இல்லை என்று எழுதியவர். அவரும் இதில் தலையிடத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். ஆளுநரும், அவர் நியமித்த ஹார்வர்ட் தலைவர் லோவெல் குழுவும் 'குற்றவாளிகள்தான்' என்று துணிந்து சொன்னார்கள். ஆனால் அவர்கள் கோர்ட் இல்லை. அவர்கள் நடத்தியது பகிரங்க விசாரணையும் இல்லை. நீதிமன்றங்களைப் பொறுத்தவரை, ஜூரி முடிவெடுத்தது, நீதிபதி அனுமதித்தார், மேல் கோர்ட் தலையிடவில்லை, அவ்வளவுதான். ஆளாளுக்கு 'அது என் வேலை இல்லை' என்றார்கள். ரெண்டு பேர் செத்துப்போனார்கள்.

இந்த இடத்தில் ஒரு குறுக்கீடு வரும்: அவர்கள் நிஜமாகவே செய்திருந்தால்? 1961இலும் 1983இலும் நடந்த சோதனைகள் அந்தக் குண்டு சாக்கோவின் துப்பாக்கியோடு பொருந்துவதாகவே சொல்லின. குண்டே மாற்றி வைக்கப்பட்டது என்ற சந்தேகமும் தொடர்கிறது. வன்ஸெட்டிக்கு எதிரான சாட்சியம் எப்போதுமே பலவீனமானதுதான். வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள், போடட்டும். என் வாதம் அவர்கள் நிரபராதிகள் என்பதில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் குற்றவாளிகளாகவே இருந்திருந்தாலும், அதைத் தெரிந்துகொள்ள விரும்பாத ஓர் அமைப்புதான் அவர்களைக் கொன்றது.

5

'சட்டம்னா அப்படித்தான் இருக்கும்' என்று தோள் குலுக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்திலேயே வேறு வழிகள் இருந்தன. அடோல்ஃப் பெக் என்பவர் ஆள்மாறாட்டக் குழப்பத்தில் இரண்டு தடவை தவறாகத் தண்டிக்கப்பட்ட பிறகு, இங்கிலாந்தில் 1907இல் குற்றவியல் அப்பீல் கோர்ட் அமைக்கப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் உச்சக் கோர்ட்டுக்கு மரண தண்டனை வழக்குகளில் சாட்சியத்தையும் பார்க்கும் அதிகாரம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிடைத்திருந்தது. 1927 மார்ச்சில் ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர், 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் இந்த வழக்கைப் பிரித்துப் போட்டு எழுதியபோது, இந்த வித்தியாசத்தையும் சுட்டிக்காட்டினார்.

மாசசூசெட்ஸ் திருந்தியது. கொன்ற பிறகு! 1939இல் வந்த சட்டப்படி, இத்தகைய வழக்குகளில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம், சாட்சியம் இரண்டையும் சேர்த்து முழு வழக்கையும் பார்க்க வேண்டும். சாட்சியத்தின் எடைக்குத் தீர்ப்பு விரோதமாக இருந்தாலோ, புதுச் சாட்சியம் வந்தாலோ, நீதிக்கு வேறு எந்தக் காரணத்தால் அவசியப்பட்டாலோ மறுவிசாரணைக்கு உத்தரவிடலாம். 1977இல் ஆளுநர் டுகாகிஸ் வெளியிட்ட பிரகடனமும், அன்றைய மேல்முறையீட்டின் குறுகிய எல்லையைக் குறைபாடாகவே சொன்னது.

மற்ற இடங்களில் பழைய சக்கரம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. டெக்ஸாஸில் லியோனல் ஹெரெரா, கொலை செய்தது தான் இல்லை, இறந்துபோன தன் அண்ணன் தம்பிகளில் ஒருவர்தான் என்று புதுச் சாட்சியத்தோடு வந்தார். டெக்ஸாஸ் விதிப்படி புதுச் சாட்சியம் காட்டி மறுவிசாரணை கேட்க 30 நாள்தான் அவகாசம். அவர் வந்தது பல வருஷம் கழித்து. 1993 ஜனவரியில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மே மாதம் கொல்லப்பட்டார். 1996இல் டெக்ஸாஸின் குற்றவியல் அப்பீல் கோர்ட், நிரபராதி என்ற வாதத்தை மட்டும் வைத்தே மனு போடலாம் என்று ஒப்புக்கொண்டது. மறுபடியும், செத்த பிறகு வாசல் திறந்தது.

6

இங்கே ஒரு தமிழ் வாசகர் என்னைப் பிடித்து நிறுத்துவார். 'எங்க ஊர்ல ஹைகோர்ட்டுக்கு சாட்சியத்தையே மறுபடி எடைபோடுற அதிகாரம் இருக்கே. அதை வச்சு என்ன ஆச்சு, வெண்மணியைப் பாருங்க' என்பார். நியாயமான கேள்வி. இதைத் தவிர்த்துவிட்டு நான் மேலே சொன்னதை முடித்தால் அது ஏமாற்று.

1934லேயே லண்டன் பிரிவி கவுன்சில், விடுதலைத் தீர்ப்புக்கு எதிரான அப்பீலிலும் ஹைகோர்ட் சாட்சியம் முழுவதையும் பரிசீலிக்கலாம் என்று சொல்லிவிட்டது. மாசசூசெட்ஸ் 1927இல் ஏங்கியது நம்மிடம் ஏற்கெனவே இருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 1970இல் செஷன்ஸ் கோர்ட் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதார்கள் சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோட்டது, எல்லாரையும் விடுவித்தது. அந்த எடைத் தட்டில் வைக்கப்பட்ட ஒரு கல்: இவர்கள் பெரும் நிலக்காரர்கள், ஒருவரிடம் கார்கூட இருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் வேலையாட்கள்கூட இல்லாமல் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை.

ஆக, மாசசூசெட்ஸில் மேல் கோர்ட் சாட்சியத்தைப் பார்க்க மறுத்ததால் இரண்டு ஏழைகள் செத்தார்கள். சென்னையில் மேல் கோர்ட் சாட்சியத்தைப் பார்த்ததால் 44 ஏழைகளின் சாவுக்கு ஆளில்லாமல் போனது. முதல் இடத்தில் அடக்கம், இரண்டாவது இடத்தில் துணிச்சல். அடக்கம் யார் விஷயத்தில் வருகிறது, துணிச்சல் யார் விஷயத்தில் வருகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. 'நியாயமான மனிதர் நம்புவாரா' என்ற அளவுகோலில் அந்த நியாயமான மனிதருக்கு ஜாதி இருக்கிறது, கார் இருக்கிறது. அவர் தன்னைப்போன்ற ஒருவர் வெயிலில் நடப்பார் என்று நம்பமாட்டார். இத்தாலியச் செருப்புத் தொழிலாளி சுடுவான் என்று உடனே நம்புவார்.

இதிலிருந்து, நடைமுறைகளெல்லாம் வெறும் முகமூடி, எந்த விதி இருந்தாலும் ஒன்றுதான் என்ற முடிவுக்குச் சில நண்பர்கள் தாவுவார்கள். நான் தாவத் தயாரில்லை. 1939 சட்டம் உயிர்களைத் தொடும் சட்டம், அது வேண்டியதுதான். பார்க்கும் அதிகாரம் இல்லாத கோர்ட்டிடம் நாம் வாதாடக்கூட முடியாது. பார்க்கும் அதிகாரம் உள்ள கோர்ட், தான் எப்படிப் பார்த்தது என்று காரணம் எழுதியாக வேண்டும். வெண்மணித் தீர்ப்பின் அந்தக் கார் வாக்கியம் ஐம்பது வருஷம் கழித்தும் நம் கையில் ஆயுதமாக இருப்பதற்குக் காரணம், அது எழுதப்பட்டதுதான். டெடம் ஜூரி என்ன காரணத்துக்காக நம்பியது என்று எழுதவில்லை. அதோடு சண்டை போட நமக்கு ஒரு வாக்கியம்கூட மிஞ்சவில்லை.

7

நாம் ஒரு கொடுமை நடந்ததும் உண்மை அறியும் குழுவாகப் போகிறோம், அறிக்கை போடுகிறோம், கூட்டம் நடத்துகிறோம். அதெல்லாம் வேண்டியதே. ஆனால் அந்த அறிக்கை அப்பீல் கோர்ட்டின் பதிவில் ஏறாது. அங்கே ஏறுவது, ஏதோ ஒரு செஷன்ஸ் கோர்ட்டில், ஆள் கூட்டமில்லாத ஒரு மத்தியானத்தில், பயந்துபோன ஒரு சாட்சி குறுக்கு விசாரணையில் சொன்ன ரெண்டு வரி. அன்றைக்கு அந்த மத்தியானத்தில் நாம் யாரும் அங்கே இருப்பதில்லை. தீர்ப்பு நாளன்று கோர்ட் வாசலில் இருக்கிறோம்.

சாக்கோ, வன்ஸெட்டிக்காக 1927இல் பல நாட்டுத் தலைநகரங்களில் ஊர்வலம் போனார்கள். உலகமே எழுந்து நின்றது. ஆனால் அவர்களுடைய வழக்கின் தலைவிதி 1921இன் அந்த ஆறேழு வாரங்களில், சுருக்கெழுத்தாளர் எதை எழுதினார், எதை எழுதாமல் விட்டார் என்பதில் பாதிக்கு மேல் முடிந்துபோயிருந்தது. மேலே உட்கார்ந்திருக்கிறவர் தாளைத்தான் படிக்கப்போகிறார் என்றால், அந்தத் தாள் எழுதப்படும் இடத்தில் நம் ஆள் இருக்க வேண்டும். ஆட்சேபணை சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லி, அதை எழுத்தில் ஏற்ற வேண்டும். சாட்சிக்குப் பக்கத்தில், வாய்தாவுக்கு வாய்தா, வருஷக்கணக்கில் போய் உட்கார வேண்டும். இது ஊர்வலத்தைவிடச் சலிப்பான வேலை. யாரும் கைதட்டமாட்டார்கள்.